குளிர்அறையில் நான் கேட்ட ஜெபம்

போன வருடம் ஓகஸ்ட் கடைசியில் வீட்டுக்காரர் எங்களைக் கூப்பிட்டார். ஒஸ்லோவின் ஹவுகெட்டோவில் நாங்கள் ஒன்பது வருடமாக வாடகைக்கு இருக்கிற வீட்டை விற்கப் போவதாகச் சொன்னார். முதல் உரிமை எங்களுக்குத்தான், ஆனால் ஒக்டோபர் முடிவதற்குள் வங்கியின் பதிலோடு வரவேண்டும் என்றார். அடுத்த ஞாயிறு சபையில் எழும்பி உங்களிடம் ஜெபம் கேட்டேன். நீங்கள் எங்களுக்காக அழுது ஜெபித்தீர்கள். அன்று உங்களுக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

சுவீடனில் ஒரு கம்பனியில் வேலை என்று உங்களுக்குச் சொல்லியிருந்தேன். உண்மையில் அது எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு பேரங்காடியின் இறைச்சிக்கடை. ஒஸ்லோவில் பார்த்த அலுவலக வேலை போனபிறகு எனக்குக் கிடைத்தது அதுதான். தினமும் ஒன்றரை மணி நேரம் கார் ஓடிப்போய், வெள்ளைக் கோட்டும் தலைக்கு வலையும் போட்டுக்கொண்டு கோழி வெட்டுகிறேன். சனிக்கிழமைகளில் நம் ஆட்கள் மலிவென்று அங்கேதான் வருவார்கள். தெரிந்த முகத்தைக் கண்டால் குளிர்அறைக்குள் போய் நின்றுவிடுவேன். என் மனைவியைத் தவிர எல்லோரிடமும் மூன்று வருடம் இப்படி ஒளித்தேன்.

வீட்டுக்கடனுக்கு மனுப் போட்டோம். என் சம்பளம் சுவீடனில் வருவதால், நோர்வேயின் வரிக் கணினியில் எனக்கு வருமானமே இல்லாத மாதிரித்தான் தெரியும். வேலைக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் அனுப்பும்படி வங்கியிலிருந்து எழுதினார்கள். எழுதியவரின் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நிரோஷா. நம் சபையில் பாடுகிற அதே பிள்ளை. ஞாயிறு பள்ளியில் அவளுக்குப் படிப்பித்தது நான். “படிக்காட்டி இறைச்சிக்கடைக்குத்தான் போவீங்கள்” என்று அந்தப் பிள்ளைகளை வெருட்டியதும் இந்த வாய்தான்.

அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள், வேலைச் சட்டம் அப்படி. ஆனால் அவள் ஒருத்திக்குத் தெரிவதையே என்னால் தாங்க முடியவில்லை. கடிதத்தை முதலாளியிடம் வாங்கிக் காரின் முன்பெட்டிக்குள் வைத்தேன். அது தினமும் என்னோடு எல்லை தாண்டிப் போய்வந்தது. என் மனைவி சுமதியிடம் “அனுப்பிட்டன்” என்று சொன்னேன்.

சுமதி வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தாள். பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கிக் குளிப்பாட்டிவிட்டு, சோர்ந்துபோய் வருவாள். “பதில் வந்ததோ?” என்று கேட்பாள். “பொறும், ஆண்டவர் தருவார்” என்று நான் அவளுக்கு விசுவாசம் போதித்தேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஒக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை நிரோஷா தன் தாயோடு கடைக்குள் வந்தாள். நான் குளிர்அறைக்குள் நுழைந்துவிட்டேன். “ஆண்டவரே, இவையின்ரை கண்ணிலை மட்டும் என்னைப் படவிடாதையும்” என்று கண்ணை மூடி மன்றாடினேன். வீட்டுக்காகக்கூட நான் அவ்வளவு உருகிக் கேட்டதில்லை. அது எனக்கு அங்கேயே உறைத்தது. அப்போது மேற்பார்வையாளர் கதவைத் திறந்து, வெளியே ஆள் காத்து நிற்கிறது என்று என் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டார்.

வெளியே வந்தேன். காத்து நின்றது நிரோஷாதான். தாய் தூரத்தில் சொக்லேற் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அங்கிள், இஞ்சையே வேலை?”

“ஓம் பிள்ளை. மூண்டு வருசம்.”

“நிரந்தரமோ?”

“ஓம்.”

அவள் குரலைத் தணித்தாள். “அப்ப ஏன் கடிதம் அனுப்பேல்லை? உங்களுக்கு வேலை இல்லையாக்கும் எண்டு நினைச்சன். திங்கக்கிழமை உங்கடை மனுவை மூட இருந்தனான்.”

“வெக்கமா இருந்தது பிள்ளை.”

அவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “ரெண்டு கோழி வெட்டித் தாங்கோ அங்கிள். அம்மாக்குச் சின்னத் துண்டா இருக்கோணும்,” என்றாள். “கடிதத்தை இண்டைக்கே அனுப்புங்கோ.”

வெட்டிக் கொடுத்தேன். இடைவேளையில் காருக்குள் இருந்து கடிதத்தைப் படமெடுத்து, சம்பளச் சீட்டுகளோடு அனுப்பினேன். வீட்டுக்குப் போய்ச் சுமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அப்ப நான் பட்டினி கிடந்தது அந்தக் கார்ப்பெட்டிக்கோ?” என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

புதன்கிழமை வங்கியின் பதில் வந்தது. கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனாலும் வீட்டுக்குப் போதும். சுமதி கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். இருவரும் ஜெபித்தோம். எனக்கு ஸ்தோத்திரம் என்ற ஒரு சொல்லுக்கு மேல் வாயில் எதுவும் வரவில்லை.

குளிர்அறையில் நான் கேட்டதை ஆண்டவர் தரவில்லை. அதைத் தந்திருந்தால் திங்கட்கிழமை எங்கள் வீடு போயிருக்கும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்லி, அவர்களை வெருட்டியதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

நீங்களும் ஆண்டவரிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டு இன்னொன்றை ஒளித்து வைத்திருந்தால், தயவுசெய்து அதை முதலில் அவர் முன்னால் வையுங்கள். என்னைத் தாங்கியவர் உங்களையும் தாங்குவார். சனிக்கிழமை அந்தப் பக்கம் வந்தால், இறைச்சிப் பகுதியில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வெட்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் வெளியே வருவேன்.