ஷ்ருதி எடுத்துப்போன குக்கர்

முத்துமாரி யாரையும் நம்பமாட்டாள். தாராவிச் சந்தையில் காய் விற்கிறவர்கள் அவளைக் கண்டால் முதலில் தராசைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். ஆட்டோவில் ஏறினால் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். கோயில் பிரசாதத்தைக்கூட மோந்து பார்த்துத்தான் வாயில் போடுவாள் என்று கேலி பேசுவார்கள். பேசட்டும். மாரிக்கண்ணனோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால் அவர்களும் மோந்து பார்ப்பார்கள். அடித்த மறுநாள் ஜிலேபி வாங்கிவருகிற புருஷன் அவன். பொட்டலத்தின் எண்ணெய்க் கறையைப் பார்த்தாலே அவளுக்கு முந்தின நாள் அடிதான் ஞாபகம் வரும்.

அப்பேர்ப்பட்டவள் உலகத்தில் ஒரே ஒருத்தியை நம்பினாள். அவளும் ஒரு நாவலில் வருகிறவள்.

ஷகீல் பாயின் தையல் பட்டறையில் மாடியறைதான் முத்துமாரிக்கு வேலையிடம். தைத்து முடித்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்ட வேண்டும். அங்கே உட்காரும் பெண்கள் எல்லோரும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். ஆனால் பம்பாயிலே பிறந்து இந்தியில் படித்தவர்கள். பேச்சு தமிழ், எழுத்து மட்டும் ஏறாது. ஊரில் பத்தாவது வரை படித்துவிட்டு உல்லாஸ்நகரில் வாழ்க்கைப்பட்டு, பிறகு ஏனோ தாராவிக்குத் தனியாக வந்து சேர்ந்த இசக்கிசெல்வி ஒருத்திக்குத்தான் தமிழ் வாசிக்க வரும். அதனால் மாடியில் ஒரு வழக்கம். மத்தியானத்துக்கு மேல் இசக்கிசெல்வி கத்தரியைக் கீழே வைத்துவிட்டு மாத நாவலைக் கையில் எடுப்பாள். அவள் பங்குச் சட்டைகளை மற்றவர்கள் பிரித்து எடுத்து வெட்டிக்கொள்வார்கள். வேலை முடிந்தால் சரி என்று பாயும் விட்டுவிட்டார்.

அந்த மழைக்காலத்தில் ஓடியது ஒரு காதல் நாவல். நகுல் பணக்காரன், கோபக்காரன். மனைவி ஷ்ருதியை உயிராக நேசிக்கிறான். நேசத்தின் மிகுதியில் அறைகிறான். மறுநாள் ரோஜாப்பூ கொடுக்கிறான்.

"ரோஜா இல்லக்கா, ஜிலேபி," என்றாள் முத்துமாரி. அறை முழுக்கச் சிரித்தது. இசக்கிசெல்வி சிரிக்கவில்லை.

கடைசி அத்தியாயத்தில் நகுல் குளிக்கப் போன நேரம் பார்த்து ஷ்ருதி கிளம்பிவிட்டாள். ஆதார் கார்டு, இரண்டு சேலை, ஒரு குக்கர். சத்தம் கேட்காமல் இருக்க விசிலைக் கழற்றி இடுப்பில் சொருகிக்கொண்டாள். அப்புறம் திரும்பிப் பார்க்கவேயில்லை.

முத்துமாரிக்கு உடனே சந்தேகம் வந்தது. "பங்களாக்காரி எதுக்குக்கா குக்கரத் தூக்குதா?"

"போற எடத்துல மொத நாளே பசிக்கும்லா," என்றாள் இசக்கிசெல்வி, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

அது நியாயமாகப் பட்டது. அந்த மாதக் கடைசியில் மாரிக்கண்ணன் சோற்றுத் தட்டை அவள் முகத்தைப் பார்த்து வீசியபோது, அவன் குளிக்கப் போகட்டும் என்று காத்திருந்து, ஆதார் கார்டு, சேலை, குக்கரோடு, விசிலையும் இடுப்பில் சொருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். "ஷ்ருதியே போனா! எனக்கு என்னட்டி!" என்று சந்தில் நின்று கத்திவிட்டுத்தான் ஆண்டாப் ஹில்லில் இருக்கும் அக்கா வீட்டுக்கு பஸ் ஏறினாள். அவள் மாமியார் கோமதியம்மாள் அடுத்த ஒரு வாரம் அந்த ஷ்ருதி யார், எந்தச் சந்தில் குடியிருக்கிறாள், குடும்பத்தைக் கெடுத்த சிறுக்கி என்று வீடு வீடாக விசாரித்துக்கொண்டிருந்தாள்.

விசாரித்ததில் நாவல் என்று தெரிந்தது. சமயம் பார்த்து அந்த நாவல் படமாகவும் வந்து சேர்ந்தது. கோமதியம்மாள் முதலில் ஒரு தரம் தனியாகப் போய்ப் பார்த்தாள். பிறகு இரண்டு டிக்கெட்டோடு ஆண்டாப் ஹில்லுக்கு வந்து நின்றாள்.

டீயில் பால் சேர்க்கவே யோசிக்கிற அத்தை சினிமாவுக்குக் கூப்பிடுகிறாளா! ஜிலேபிதான் டிக்கெட்டாக உருமாறி வந்திருக்கிறது என்று முத்துமாரிக்குப் புரிந்தது. இருந்தாலும் ஷ்ருதியைப் பார்க்கும் ஆசை விடவில்லை. போனாள்.

படத்தில் ஷ்ருதி வெறுங்கையோடு மழையில் ஓடினாள். தேடிவந்த நகுலின் கார் மரத்தில் மோதியது. ஆஸ்பத்திரியில் அவன் கட்டுப்போட்ட கையால் அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான். அவள் அழுதாள், சேர்ந்தார்கள், மலையுச்சியில் ஒரு பாட்டு. தியேட்டரில் விசில் பறந்தது. கோமதியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் மருமகளைப் பார்த்தாள்.

"பாத்தியாட்டி? ஒன் ஷ்ருதியே புருஷங்கூடத் திரும்பிப் போய்ச் சேந்துட்டா. ஞாயித்துக்கெழம சாயங்காலம் வாரேன். பைய எடுத்துவச்சிட்டு ரெடியா இரு."

முத்துமாரிக்கு அன்று சோறு இறங்கவில்லை. கைதட்டலுக்காக சினிமாக்காரர்கள் கதையை மாற்றியிருப்பார்கள், சரி. ஆனால் குக்கர் எங்கே போனது? அத்தனை நல்ல காட்சியை எவனாவது விடுவானா? அத்தை மேல் சந்தேகம், படம் எடுத்தவன் மேல் சந்தேகம். கடைசியில் அது இசக்கிசெல்வி மேலும் போய் விழுந்தது. அதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

பட்டறை அலமாரியிலிருந்து புத்தகத்தை யாரிடமும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு மாதுங்காவுக்குப் போனாள். அங்கே ருக்கு மாமி வீட்டில் சாயங்காலம் சப்பாத்தி போடுவது அவள் இன்னொரு வேலை. மாமி வங்கியில் இருந்து ரிட்டயர் ஆனவள். அவளுக்கு இந்த விஷயத்தில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. அதனால்தான் அவளைத் தேர்ந்தெடுத்தாள்.

மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி அத்தியாயத்தை வாசித்தாள். ஷ்ருதி தன் அம்மா வீட்டுக்குப் போகிறாள். மூன்றாம் பக்கத்திலேயே திரும்பி வருகிறாள். நகுலின் காலில் விழுந்து, 'என் அவசர புத்திதான் எல்லாத்துக்கும் காரணம்' என்கிறாள். அவன் பெருந்தன்மையோடு மன்னிக்கிறான். சுபம்.

"படத்துலயாவது அவன் ஸாரி சொல்றான்னியே. இதுல இவள்னா கால்ல விழறா! கர்மம்," என்று மாமி புத்தகத்தை மேஜையில் போட்டாள்.

"மாமி, குக்கர் எங்க வருது?"

"குக்கரா? அப்படி ஒண்ணும் இல்லையேடி." மாமி திரும்ப ஒரு தரம் புரட்டிப் பார்த்தாள். "இல்லை."

முத்துமாரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆயுசு முழுக்கத் தராசைப் பார்த்தவள், ஒரு பொய்யை நம்பிப் புருஷனை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஊர் சிரிக்காதா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் நேராக இசக்கிசெல்வியின் அறைக்குப் போனாள். அடுப்பில் நசுங்கிய பழைய குக்கர் ஒன்று இருந்தது.

"பொய் சொன்னியளாக்கா? குக்கர் புஸ்தகத்துல இல்ல."

"இல்ல," என்றாள் இசக்கிசெல்வி.

"பெறகு எங்க இருந்து வந்திச்சு?"

இசக்கிசெல்வி அடுப்பைக் காட்டினாள். "உல்லாஸ்நகர்ல இருந்து."

பிறகு அவளே சொன்னாள். "கடைசி அத்தியாயத்தத் திருப்பினேன். அவ கால்ல விழுதா. நிமுந்து பாத்தா, நீ இந்தப் புழுக்கத்துல முழுக்கைச் சட்டை போட்டு உக்காந்திருக்கே. எனக்கு அத வாசிக்க வாய் வரலட்டி. எங் கதைய வாசிச்சேன்."

முத்துமாரி அதையும் நம்பவில்லை. ஒரு தரம் ஏமாந்தது போதாதா? "விசில எங்க வச்சிருந்திய?"

"இடுப்புலதான். அதக் கேக்காத. ரயில்ல உக்காந்ததும் குத்திச்சு பாரு, ரத்தமே வந்துட்டு. எந்திரிச்சு நின்னுட்டே வந்தேன். ஒனக்குக் குத்தலியா?"

குத்தியது. ஆண்டாப் ஹில் பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் முத்துமாரி நின்றுகொண்டுதான் வந்தாள். அந்தக் காயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இசக்கிசெல்வி வாசித்த கதையிலும் அது வரவில்லை. தூக்கிக்கொண்டு வந்தவளுக்கு மட்டும்தான் அது தெரியும்.

அவள் அங்கேயே உட்கார்ந்து அந்தக் குக்கர் சோற்றைச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் சொன்னபடி கோமதியம்மாள் ஆண்டாப் ஹில்லுக்கு வந்தாள். கையில் ஜிலேபிப் பொட்டலம். "புஸ்தகத்த ஆர்ட்டயோ குடுத்து வாசிக்கச் சொன்னியாமே? ஒங்கக்கா சொன்னா. என்ன போட்டிருக்கு?"

"புஸ்தகத்துல திரும்பிப் போறா அத்த. படத்துலயும் போறா."

கோமதியம்மாளின் முகம் மலர்ந்தது. "அதத்தான நானும் சொல்லுதேன்! எங்க ஒம் பை?"

"உல்லாஸ்நகர் ஷ்ருதி திரும்பிப் போகல. நானும் வரல."

"உல்லாஸ்நகர்ல எந்த ஷ்ருதிட்டி?" என்று கோமதியம்மாள் திகைத்தாள்.

முத்துமாரி பொட்டலத்தை வாங்கி, மாமியாரின் பைக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அதை அவள் மோந்துகூடப் பார்க்கவில்லை.