பெரிய சுதனும் குப்பைத் தொட்டி மூடியும்

எல்லாருக்கும் அறியத் தருவது: வரும் திங்கள் முதல் எங்கள் வகுப்பில் ‘சுதன்’ என்று கூப்பிட்டால் ஒரு தலைதான் திரும்பும். பெரியவனா, சின்னவனா என்று ஆசிரியர்கள் இனிக் குழம்பத் தேவையில்லை.

நேற்றுக் காலை டெலிபோன் வயரை விரலில் சுற்றியபடி, ஏதோ பகிடி விட்டுச் சிரிக்கவைக்க ஆயத்தமாகத்தான் எடுத்தேன். பெரிய சுதனின் அக்கா. “சின்னச் சுதன், தம்பி எங்களை விட்டுட்டுப் போயிட்டானடா.” அவனுடைய இதயத்தில் வருத்தம் இருந்தது, அதற்கு மருந்து எடுத்துவந்தது எல்லாம் எங்களுக்குத் தெரியும். அது அவனைக் கொண்டுபோகும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

எங்களுக்குப் ‘பெரிய’, ‘சின்ன’ என்ற பட்டப்பெயர் கிடைத்தது கிரேக்கப் புராணப் பாடத்தில். அந்தக் கதைகளில் அஜக்ஸ் என்று இரண்டு வீரர்கள். பெரியவனிடம் சுவர் அளவுக்கு ஒரு கேடயம், பின்வாங்கத் தெரியாதவன். சின்னவன் ஓட்டத்தில் புலி, வாயும் நீளம். கடலில் தப்பிப் பாறையில் ஏறியவன், தெய்வங்களாலும் தன்னை மூழ்கடிக்க முடியாது என்று பீற்றினான். கடல் தெய்வம் பாறையைப் பிளந்துவிட்டது. முழு வகுப்பும் திரும்பி என்னைப் பார்த்தது. பெரிய சுதன் காதுக்குள் சொன்னான்: “மச்சான், நீ நீந்தப் பழகுறது நல்லம்.”

அவன் வீட்டார் நகரத்துக்கு வெளியே, அஜக்ஸ் என்றே பெயருள்ள ஊரில் மலிவாக வீடு வாங்கிப் போனபோது, “அஜக்ஸுக்கு அஜக்ஸ் போறார், வழி விடுங்கோ!” என்று பஸ்ஸுக்குள் கத்தினேன். அவனோ பள்ளிக்கூடத்தை மாற்றாமல் தினமும் ரயிலில் வந்தான். கேட்டதற்கு, “நான் வராட்டி உன்ர வாய்க்கு ஆர் காவல்?” என்றான்.

மோர்னிங்சைட் பஸ் தரிப்பிடச் சண்டை நீங்கள் அறிந்த வரலாறு. என் பகிடி பிடிக்காத மேல்வகுப்புப் பையன்கள் மூவர் அடிக்க வந்தார்கள். குப்பைத் தொட்டி மூடியைக் கேடயமாகப் பிடித்து, பனியில் ஓர் அடிகூடப் பின்வாங்காமல், அவர்கள் அலுத்துத் திரும்பும்வரை மறித்து நின்றவன் நான். இதை உங்களுக்கு நான்தானே சொன்னேன்! சாப்பாட்டு மண்டபத்தில் எங்கள் வகுப்புக் கவிதா பெரிய சுதனிடமே, “உண்மையே உது?” என்று கேட்டாள். அவன் ரோல்ஸைக் கடித்தபடி, “சுதன் எண்டால் சும்மாவே?” என்றான். அதற்குப் பிறகு நான் சொன்னதை யாரும் சந்தேகிக்கவில்லை.

இந்தப் பெயரை இனி நான் தனியாகத்தான் வைத்திருக்க வேண்டும். அதில் அவனுக்குச் சேரவேண்டியதை அவனிடமே விட்டுவிடுகிறேன். அந்த இதயத்தோடு, அந்த மூடியோடு நின்றவன் பெரிய சுதன். நான் அடுத்த தரிப்பிடம்வரை ஓடிப்போய் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். என்னைத் தேடி அங்கே வந்தவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்:

“உனக்கு அடி ஒண்டும் படேல்லையே?”