கொட்டகையில் நின்ற இரண்டு கார்

எனக்குப் படிப்பு அஞ்சாவதோடு சரி. காங்கேயத்துக்குப் பக்கத்தில் கொப்பரைக் களம் வைத்திருக்கிறேன். களத்தோரத் தகரக் கொட்டகையில் இரண்டு ஜப்பான் கார்கள் நின்றன. இரண்டும் ஒரே பேரில் வந்த வேக வண்டிகள். ஒன்று பழைய மாடல், மற்றது அதற்கு அடுத்து வந்தது. போன ஐப்பசி மழையில் கொப்பரை நனைந்து பூசணம் பிடித்ததும், கொட்டகையில் பாதியை உலர்த்தும் மெஷினுக்கு விடுவதென்று முடிவானது. ஒரு கார் போயாக வேண்டும்.

புதியது போகட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் வாங்க வந்த பாய் நேராகப் பழையதன் பக்கம் போனார். கோயமுத்தூரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், இந்த மாதிரி வண்டிகளைத் தேடிச் சேர்ப்பவர். குனிந்து ஒவ்வொரு கண்ணாடியிலும் கம்பெனி முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார்.

"ஏனுங்க, கண்ணாடி ஒண்ணுகூட மாத்தலீங்களா?"

"இல்லீங்க பாய்."

அது விற்பதற்கில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு வரவில்லை. இரண்டையும் ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். விலை பேசும்போது நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று தெரிந்து, என் மனைவியும் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

முதலில் புதியது. பின்னால் கால் நீட்டி உட்காரலாம். இன்ஜின் பெரிது, மிதித்ததும் இழுக்கும். வேகத்தடை ஏறியதே தெரியாது. பாய் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

அடுத்து பழையது. சீட் தரையோடு தரையாக இருக்கும். ரோட்டில் கிடக்கிற கல்லெல்லாம் ஸ்டியரிங் வழியாகக் கைக்குத் தெரியும். மெதுவாகப் போனால் சாதாரணக் கார்தான். இன்ஜின் நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்றைத் தாண்டினால் சத்தமே மாறி, வண்டி முன்னால் பாயும். அந்தச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். நான் பேசினேன். மூணாவது கியரில் எதுவரை இழுக்கலாம், கதவுக்கடியில் துரு எங்கே பிடிக்கும், உடுமலை ரோட்டு வளைவில் எப்படி அசையாமல் திரும்பும் என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

பாய் சிரித்தார். "விக்கறவரே இப்படிச் சொன்னா நான் இதத்தானுங்க எடுப்பேன்."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன்.

களத்தில் இறங்கியதும் மனைவி சொன்னாள்: "ஏனுங்க பாய், அத மட்டும் உட்டுப்போடுங்க."

"முதுகு வலிக்குதுன்னு இப்பத்தானம்மா பொலம்புனீங்க?"

"வலிக்குதுதானுங்க. ஊட்டுல இவரு நாலு வார்த்த பேசமாட்டாருங்க. அந்த வண்டில ஏறுனாத்தான் வாயே தெறக்கறாரு. அதையும் நீங்க ஓட்டிட்டுப் போயிட்டா நான் ஆருகூடப் பேசறது?"

நான் தலை நிமிரவில்லை. இத்தனை வருஷமும் அவளுக்கு அந்த வண்டி பிடிக்காது என்றே நினைத்திருந்தேன்.

பாய் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இவரையும் சேத்துத்தானுங்க ஓட்டிட்டுப் போகோணும். எங்கூட்டுல அவ்வளவு எடமில்லீங்க" என்று சொல்லிவிட்டு, புதியதன் சாவிக்குக் கையை நீட்டினார்.

அது சத்தமில்லாமல் கேட்டைத் தாண்டிப் போனது.

"அவிநாசி வரைக்கும் போயிட்டு வரலாமுங்களா?" என்றாள்.

"முதுகு வலிக்குமே."

"இருங்க, ஒரு தலகாணி எடுத்துட்டு வாரேன்" என்று வீட்டுக்குள் போனாள்.