அம்மா சேற்றில் இறங்கிய நாள்

சனிக்கிழமை டூனா தூக்கப் போகிறோம் என்று அம்மா அறிவித்தபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் டூனா என்றால் தகரப் பேணியில் அடைத்து வரும் மீன். உருளைக்கிழங்கும் மிளகும் சேர்த்துப் பிசைந்தால் கட்லட் ஆகும். அதைத் தூக்க ஒரு குடும்பம் முழுவதும் எதற்குப் போக வேண்டும் என்று அவர் யோசித்திருக்க வேண்டும்.

"குளத்தில எண்டெல்லோ சொல்லுறீர். டூனா கடல் மீனப்பா," என்றார் கடைசியில்.

"எனக்கென்ன தெரியும். அவ அப்பிடித்தான் சொன்னவ. நான் வாறம் எண்டு சொல்லிப்போட்டன்."

'அவ' என்பது பாபடோயிட்டோய் முதியோர் இல்லத்தில் அம்மாவோடு வேலை செய்த, நாங்கள் குடியேறிய நாட்டின் பூர்வகுடியான மாவோரி இனத்து அன்ரி. அம்மா அங்கே புதிதாகச் சேர்ந்தபோது, படுக்கையில் கிடக்கும் ஒருவரை அவருக்கும் நோகாமல் தன் முதுகும் நோகாமல் தூக்குவது எப்படி என்று காட்டிக்கொடுத்தவர். அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான், அன்ரிக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் இருவரும் தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். அந்த அன்ரி கேட்டு அம்மா மறுத்ததாக எனக்கு நினைவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது, அண்ணாவுக்குப் பதின்மூன்று. அந்தக் கோடையில் மழையே பெய்யவில்லை. எங்கள் தெருவில் வறட்சி என்றால் குழாய் பிடித்துக் காரைக் கழுவக் கூடாது என்பது மட்டும்தான். அப்பாவுக்கு அது ஒரு கஷ்டமாகவே படவில்லை, சட்டம் வருவதற்கு முன்பும் அவர் காரைக் கழுவியதில்லை.

ஒடாஹுஹுவில் பெட்ரோல் அடித்து, அன்ரிக்குக் கொடுக்க ஒரு பெட்டி மாம்பழம் வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். நகரத்தைத் தாண்டி ஒன்றரை மணித்தியாலம். பச்சை நாடு என்று பள்ளியில் எங்களுக்குப் படிப்பித்த நாடு, வழி நெடுகத் தேங்காய்ப் பொச்சின் நிறத்தில் கிடந்தது. மாடுகள் நிழல் தேடி வேலியோரமாக ஒட்டிக்கொண்டு நின்றன. அண்ணா மட்டும் உற்சாகமாக இருந்தான். கடல் மீன் எப்படியோ வழி தவறிக் குளத்துக்குள் வந்து மாட்டிக்கொண்டது என்றும், அதைக் கிரேன் வைத்துத்தான் தூக்குவார்கள் என்றும் அவன் எனக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டே வந்தான்.

காரை விட்டு இறங்கியதும் நான் முதலில் பார்த்தது குளத்தை அல்ல, மணலை. கறுப்பு மணல். மூன்று மாடி உயரத்துக்கு ஒரு சுவர் போல எழும்பி நின்றது. அதன் உச்சியிலிருந்து மணல் ஓயாமல் பொலுபொலுவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அடிவாரத்தில் வேலிக்கட்டைகளின் தலைகள் மட்டும் ஒரு வரிசையாகத் தெரிந்தன. சற்று மேலே ஒரு மரத்தின் உச்சிக்கிளைகள், கழுத்தளவு புதைந்தவர் கையை உயர்த்தியது மாதிரி. இந்த மலை நடக்கிறது என்றார் அன்ரி. ஒரு காலத்தில் பொன்னிறப் புல் ஒன்று வேர் பரப்பி அதைப் பிடித்துவைத்திருந்ததாம். மேய்ச்சலுக்கு விட்ட மாடுகள் புல்லைத் தின்று தீர்த்தபின் காற்று மலையைத் தள்ளத் தொடங்கிவிட்டது. வேலியை விழுங்கி, புல்வெளியை விழுங்கி, இப்போது குளத்தின் ஒரு பக்கத்தில் கால் வைத்திருந்தது. நான் மலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மலை நடக்கும் என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

குளம் எங்கே என்று அண்ணா கேட்டான். நாங்கள் நின்றதே குளத்தின் மேல்தான். படகு கட்டும் பலகைமேடை எங்கள் பக்கத்தில், வெடித்த மண்ணில் நின்றது. அங்கிருந்து பள்ளிக்கூட விளையாட்டு மைதானம் அளவு நடந்தால் சேறு. அதற்கு அப்பால்தான் ஒரு பெரிய குட்டையளவு தண்ணீர் மிச்சமிருந்தது. அன்ரியின் உறவினர்கள் இருபது பேரளவில் அதைச் சுற்றி நின்றார்கள்.

அவர்களை விட்டு ஒதுங்கி, ஒரு டிராக்டரும் தண்ணீர்த் தொட்டியுமாக நின்றவர் பக்கத்துப் பண்ணைக்காரர். அவருடைய பம்பின் குழாய் காய்ந்த குளத்தின் தரையில் நீளமாகச் செத்த பாம்பு மாதிரிக் கிடந்தது. தன் மாடுகளுக்காக அவர் இறைத்த தண்ணீரால் அன்ரியின் ஆட்களுக்கும் அவருக்கும் பல மாதங்களாகப் பேச்சில்லை. அவர்களுக்கு அந்தக் குளம் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட குளம், அவருக்கு மாடு குடிக்க வேறு தண்ணீர் இல்லை. அன்றைக்கு யாரும் அழைக்காமலே அவர் தொட்டியோடு வந்து நின்றார். யாரும் அவரை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அன்ரியின் பெரியப்பா மாவோரியில் சிறிது நேரம் பிரார்த்தனை செய்தார். பிறகு வலை இறங்கியது. இரண்டு பேர் தள்ளாடித் தள்ளாடித் தூக்கி வந்ததைப் பார்த்துத்தான் எங்களுக்கு டூனாவின் குட்டு வெளிப்பட்டது. மாவோரியில் டூனா என்றால் விலாங்கு. குளம் முழுவதும் வற்றுவதற்குள் அவற்றைப் பிடித்து வேறு தண்ணீரில் விடுவதுதான் அன்றைய வேலை.

என் தொடையைவிடப் பருமன். கன்னங்கரேலென்று, நனைந்த டயர் போல மினுங்கியது. கண்ணைச் சுற்றி நீல வளையம். அது அப்பாவைவிட மூத்தது என்று அன்ரி சொன்னதும், பக்கத்தில் நின்ற அப்பா ஓரடி பின்னால் போனார். மரியாதையாலா வேறு காரணத்தாலா என்று இன்றுவரை தெரியாது. காலம் வரும்போது இவை ஓடை வழியாகக் கடலுக்கு இறங்கி, டொங்கா பக்கத்து வெப்பக் கடல்வரை நீந்திப் போய், அங்கே ஒரே ஒருமுறை முட்டையிட்டுச் செத்துப்போகும். குஞ்சுகள் கண்ணாடி நூல் மாதிரி, தாய் தகப்பன் இல்லாமல், அவ்வளவு தூரமும் திரும்பி வரும். அதை நான் வாயைத் திறந்தபடி கேட்டேன். நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஆல்பனிக்குப் போய் வருவதற்கே எங்கள் வீட்டில் முதல் நாளே பேச்சுத் தொடங்கிவிடும்.

அம்மா கரையில் ஒரு மடக்குக் கதிரையில் குடை பிடித்தபடி, மாம்பழப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவர் அங்கேயே இருந்தது எனக்கு நிம்மதி. இந்த நாட்டில் பாம்பே இல்லை என்று யார் சொல்லியும் அம்மா நம்பியதில்லை. உடுப்புக் காயப் போடப் போகும்போதுகூடப் புல்லைக் காலால் தட்டிவிட்டுத்தான் போவார். விலாங்கைக் கிட்டப் பார்த்தால் கத்தி எங்களைத் தலைகுனிய வைப்பார் என்று நானும் அண்ணாவும் எதிர்பார்த்திருந்தோம்.

மத்தியானத்துக்குள் பெரியவை எல்லாம் ஈரச் சாக்குகளிலும் தொட்டியிலும் ஏறிவிட்டன. இரண்டு மூன்று முறை வலை வெறுமையாக வந்தது. போதும், வெயில் கூடுகிறது, பிடித்ததைக் காப்பாற்றுவோம் என்றார்கள். பண்ணைக்காரர் டிராக்டரில் ஏறி எஞ்சினைக் கிளப்பினார்.

அப்போதுதான் அம்மா குடையை மடக்கினார். காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். செருப்பைக் கழற்றி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினார். தண்ணீர்ப் பக்கம்கூட அல்ல, தண்ணீர் வற்றி, தோல் மாதிரி ஆடை படிந்து கிடந்த பக்கம்.

"இஞ்சாரும், அங்க தண்ணியே இல்லை. எங்க போறீர்?" என்று அப்பா கூப்பிட்டார்.

"தண்ணி இல்லாத இடத்திலதான் சின்னனுகள் கிடக்கும்," என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமல்.

அம்மா நடந்த விதம் நான் அதுவரை பார்த்திராத நடை. ஒவ்வோர் அடியிலும் குதிக்காலால் சேற்றை மெல்ல அழுத்தி, காத்திருந்து, பிறகு மற்றக் காலை எடுத்தார். ஓரிடத்தில் நின்றார். விரல் நுழையுமளவு ஒரு துவாரம். குனிந்து முழங்கைவரை கையை விட்டார். கத்துவார் என்று நாங்கள் நினைத்த எங்கள் அம்மா, கண்ணை மூடி, உள்ளே இருப்பதோடு கதைத்தார். அதுவும் முதியோர் இல்லத்து ஆங்கிலத்தில். "ஸ்லோலி, ஸ்லோலி, டார்லிங்." இந்த நாட்டு விலாங்குக்குத் தமிழ் விளங்காது என்று நினைத்தாரோ என்னவோ.

கையோடு வந்தது ஒரு சப்பாத்து நாடா அளவுதான் இருந்தது. அண்ணா சிரித்துவிட்டான். எனக்கு வெட்கமாகப் போனது. இரண்டு பேர் சேர்ந்து தூக்கிய அந்த அரசர்களுக்குப் பிறகு எங்கள் அம்மா கொண்டுவந்தது இதையா? அம்மா அதை வாளியில் விட்டுவிட்டு அடுத்த துவாரத்துக்குப் போனார். அங்கே மூன்று. அதற்கடுத்ததில் இரண்டு.

அன்ரி சேற்றைக் கடந்து வந்து வாளிக்குள் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: "பிக் ஒன் கோ. ஸ்மால் ஒன் ஸ்டே." பெரியவை ஒருநாள் கடலுக்குப் போய்விடும், குளத்துக்கு மிஞ்சுவது சின்னவைதான் என்பது அன்ரிக்கு விளங்கிவிட்டது. கரைப் பக்கம் திரும்பி மாவோரியில் உரத்து ஏதோ கூப்பிட்டார். சாக்குகளைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கட்டுவதை விட்டுவிட்டு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். டிராக்டரின் சத்தமும் நின்றது. பண்ணைக்காரர் இறங்கி, ஒரு கணம் தயங்கி, சப்பாத்தைக் கழற்றினார்.

அம்மா அவர்களை ஒரு வரிசையாக நிறுத்தினார். அன்ரிக்கும் அன்ரியின் பெரியப்பாவுக்கும் நடுவில் பண்ணைக்காரர். குதிக்காலால் எப்படி அழுத்துவது என்று கையாலும் காலாலும் காட்டினார். வரிசை ஒன்றாக நகர்ந்தது. அம்மா துவாரத்துக்குள் பார்த்து "ஸ்லோலி, டார்லிங்" என்று சொன்னபோதெல்லாம், அது தனக்குத்தான் என்று நினைத்துப் பண்ணைக்காரர் இன்னும் மெதுவாக நடந்தார். அன்ரியின் பெரியப்பா சிரித்தார். பிறகு பண்ணைக்காரரும் சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் அம்மா என்னைக் கூப்பிட்டார். "வா இஞ்ச. உன்ர கைதான் இதுக்க போகும்."

ஓர் ஒடுங்கிய துவாரத்துக்குள் என் கையைப் பிடித்து விட்டார். மேலே சேறு வெந்நீர் போல் சுட்டது, உள்ளே போகப் போகக் குளிர்ந்தது. முழங்கை தாண்டியபோது விரல் நுனியில் ஏதோ அசைந்தது. இறுக்காதே என்றார் அம்மா. நான் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். அது தானாக வந்து என் கைக்குள் சுருண்டது. அவ்வளவு சின்ன உடம்புக்குள் அவ்வளவு பலம். டொங்காவிலிருந்து நீந்தி வந்த ஒன்று என் கைக்குள் துடித்துக்கொண்டிருந்தது. அதன்பின் எத்தனையோ பெரிய கோயில்களின் முன்னால் நின்றிருக்கிறேன். அந்தச் சேற்றில் என் உடம்பு சிலிர்த்ததுபோல் எங்கும் சிலிர்க்கவில்லை.

வெயில் சாயும்போது எல்லாவற்றையும் மேட்டில் காட்டுக்குள் ஓடும் ஆழமான ஓடைக்குக் கொண்டுபோனோம். பெரியவை சாக்கிலிருந்து நழுவி, அவசரமே இல்லாமல் உள்ளே போயின. அம்மா தன் வாளியை யாரிடமும் கொடுக்கவில்லை. தானே தண்ணீருக்குள் இறங்கி நின்று, வாளியைச் சரித்துப் பிடித்து, கடைசிக் குஞ்சு போகும்வரை அசையாமல் நின்றார்.

அடுத்த குளிர்காலத்தில் அந்த மணல்மலையின் மேல் பொன்னிறப் புல்லை மறுபடி நடத் தொடங்கினார்கள். நாங்களும் போய் நட்டோம். பண்ணைக்காரர் தன் மாடுகள் ஏறாதபடி வேலி போட்டார். மழைநீரைச் சேர்க்கத் தன் நிலத்திலேயே ஒரு குளம் வெட்டிக்கொண்டு, பம்பை எடுத்துவிட்டார். ஓடையிலிருந்து சின்னவை தாமாகவே குளத்துக்கு இறங்கி வந்தன. குளம் இன்றைக்கும் முன்னிருந்த அளவில் இல்லை. ஆனால் இருக்கிறது. மலை இன்னும் நடக்கிறது, முன்னைவிட மெதுவாக.

இதெல்லாம் பிறகு நடந்தவை. அன்று மாலை திரும்பும்போது, சேறு படிந்த உடுப்போடு அம்மா பின்சீட்டில் பிளாஸ்டிக் விரித்து என் பக்கத்தில் இருந்தார். முன்னால் இருந்த அண்ணா திரும்பி, இதையெல்லாம் எங்கே பழகினீங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டான். அம்மா யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எங்கட ஊர்க் குளமும் ஒரு வருசம் இப்பிடித்தான் வத்தினது. வயல் முழுக்கக் கருகிப்போச்சு. சாப்பிட வேற ஒண்டும் இல்லை. ஊர்ச் சனமெல்லாம் சேத்துக்க இறங்கி நிண்டது. பெரிய ஆக்களின்ர கை பொந்துக்க போகாது. என்ர கை சின்னன். சின்ன மீன் முழுக்க நான்தான் பிடிச்சனான். ஒண்டையும் விடேல்லை."

ருசியாக இருந்ததா என்று அண்ணா கேட்டான்.

"ஓம். நல்ல ருசி."

"பிறகு?" என்றேன் நான்.

"பிறகு மழை வந்தது. குளம் நிரம்பினது." கார் ஒரு பாலத்தைக் கடந்த பிறகுதான் மீதியைச் சொன்னார். "வெறுந் தண்ணி."

அந்தக் குளத்தில் வலை போட்டுப் பிழைத்த வீடுகள் மழை வந்த பிறகுதான், பிடிக்க மீன் இல்லாமல், ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன என்பதையும், அம்மாவின் வீடும் அவற்றில் ஒன்று என்பதையும் பல ஆண்டுகளுக்குப் பிறகு அப்பாதான் எனக்குச் சொன்னார். அன்றைக்கு என் காதில் விழுந்ததெல்லாம் மழை வந்தது என்பது மட்டும்தான். வெறுந் தண்ணி என்றால் சேறு கலக்காத நல்ல தண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன். மழை வந்துவிட்டது, குளமும் நிரம்பிவிட்டது, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் அம்மாவின் தோளில் சாய்ந்து உறங்கிப்போனேன்.