கடலைப்பால் சேமியா

ஜலகண்டாபுரத்தில் காலரா பரவியிருந்த சமயம், ஊசி போடும் வேலையாகப் போனபோதுதான் அந்த நெசவாளியைச் சந்தித்தேன். ஒடிசலான ஆள். பேசும்போதெல்லாம் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருப்பார். அன்று மத்தியானம்தான் மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்தே எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வந்திருந்தார். நோய்க்குப் பயந்து உறவுக்காரர்கள் யாரும் சோறு கொண்டுவரவில்லை.

"வெறும் வயித்துல ஊசி வேண்டாமுங்க. செத்த இருங்க, புள்ளைங்களுக்குத் தெம்பா எதாச்சும் ஆக்கிப்போடறேன்" என்றார்.

நிலக்கடலையை அரைத்துப் பிழிந்த பாலில் சேமியாவைக் கொதிக்கவிட்டு, வெல்லம் தட்டிப் போட்டுக் கிண்டினார். பாலேடு போலத் திரண்டு வந்தது. மூன்று பிள்ளைகளும் வழித்து வழித்துத் தின்றார்கள்.

"அம்மா செய்யறதைவிட நல்லாருக்குதுங்கப்பா" என்றாள் கடைசிப் பெண்.

"ஆசுபத்திரியில இருந்து வந்ததும் அவகிட்டச் சொல்லிப்போடாத சாமி, கோவிச்சுக்குவா" என்று அவர் சிரித்தார்.

பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் ஊசியைக் கொதிநீரில் போட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். அந்தச் சிரிப்பில் பொய் எங்கேயும் தெரியவில்லை. அப்படி ஒரு சிரிப்பை அவர் எங்கிருந்து எடுத்தார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.