திரைக்குப் பின்னால் கேட்ட குரல்

பாடத்தில் பின்தங்கிய பிள்ளைகள் நடித்தாலாவது வாய் திறப்பார்கள் என்று எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நாடகக் குழு தொடங்கிய ஆசிரியர் நான்தான். வகுப்பில் ஊமை போல் இருந்த பத்தாம் தரம் தர்ஷினி, அதில் சேர்ந்த பிறகு என்னையே கிண்டலடிக்கத் தொடங்கியிருந்தாள்.

பதுளையில் நாடகப் போட்டி. நகரத்துப் பாடசாலைகளின் உடைகளைப் பார்த்ததுமே எங்கள் பிள்ளைகளை வசனத்தை இன்னொரு முறை சொல்லிப் பார்க்கவைத்தேன். தர்ஷினிக்கு அம்மா வேடம். மகளாக நடித்தவள் கேட்டாள்: "அம்மா, நான் ஸ்கூலுக்குப் போகவா, கொழும்புக்கு வேலைக்குப் போகவா?"

பதிலாக நான் எழுதிய நீண்ட வசனத்தைத் தர்ஷினி பேச வேண்டும். பேசவில்லை. மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மண்டபத்தில் ஒரு சத்தமில்லை.

மறந்துவிட்டாள் என்று பதறிப்போனேன். திரைக்குப் பின்னாலிருந்து மெதுவாக எடுத்துக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, காலையில் தோட்டத்துப் பெரட்டில் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரி கத்தினேன்: "படிப்புத்தான் மகளே நமக்கு விடிவு!"

அம்மாவுக்கு ஆண்குரல் வந்ததில் மண்டபமே சிரித்தது. தர்ஷினி தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில், "பரவாயில்ல புள்ள, மறக்கிறது எல்லாருக்கும் வர்றதுதானே" என்று பெரிய மனசோடு ஆறுதல் சொன்னேன்.

"மறக்கல சேர். எங்க அக்கா அப்பிடிக் கேட்டப்ப அம்மா ஒன்னுமே பேசலங்க. பாத்துக்கிட்டேதான் நின்னாங்க. அக்கா இப்ப கொழும்புல."

அவள் சொந்தமாக ஒன்றைச் சொன்ன நேரத்தில் குறுக்கே விழுந்து கத்தியது, அவளைப் பேசவைக்கப் புறப்பட்ட நானேதான்.

அடுத்த நாடகத்துக்கு அவளைக் கூப்பிட்டேன். "வேற ஆளப் பாருங்க சேர்" என்றாள், மரியாதையாக.