பொன்னைச் செம்பாக்கியவர்

உலகம் முழுக்க ரசவாதிகள் செம்பைப் பொன்னாக்கப் பார்த்துத் தோற்றார்கள். பொன்னைச் செம்பாக்கியவர் என்று பெயர் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் அனுப்பர்பாளையத்து ஆத்தப்பன். அவர் முயலக்கூட இல்லை. ஊர் சேர்ந்து அந்தப் பெருமையைத் தேடிக் கொடுத்தது.

நாற்பது வருடமாகப் பாத்திரப் பட்டறை வைத்திருப்பவர். அவர் பித்தளை என்றால் பித்தளை. அவர் சொன்ன பிறகு உரசிப் பார்ப்பது மரியாதையில்லை என்று ஊரே நினைத்த காலம் ஒன்று இருந்தது.

போன வருடம் பனியன் ஏற்றுமதிக்காரர் மகுடேஸ்வரன், முருகன் கோயிலுக்கு ஐம்பொன் கவசம் ஒன்று செய்து தரச் சொன்னார். ஐம்பொன்னில் பெரும்பங்கு செம்பு, தங்கம் பேருக்குத்தான். ஆத்தப்பன் தட்டி, மெருகேற்றி, கண் கூசுகிற மஞ்சளில் கொண்டுவந்து வைத்தார். விழா நோட்டீஸ் அச்சடித்தவர் ‘ஐம்’ என்கிற இரண்டு எழுத்தை விட்டுவிட்டார். ‘பொன் கவசம், உபயம் மகுடேஸ்வரன்’ என்று ஊரெல்லாம் ஒட்டினார்கள். மகுடேஸ்வரன் அதைப் படித்தார், மாலையும் வாங்கிக்கொண்டார், திருத்தச் சொல்லவில்லை. அச்சுப்பிழை என்று எல்லாருக்கும் தெரியும் என ஆத்தப்பன் நம்பினார். அந்த அப்பாவித்தனத்தை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

பொன் என்றால் காப்பீடு எடுக்க வேண்டுமே. மதிப்பிட வந்தவர் உரைகல்லில் உரசிவிட்டுச் செம்பு என்றார். மகுடேஸ்வரன் கொடுத்த தங்கத்தை ஆத்தப்பன் விழுங்கிவிட்டார் என்று சாயங்காலத்துக்குள் ஊர் முடிவு கட்டியது. மகுடேஸ்வரன் அப்போதும் வாய் திறக்கவில்லை.

ஆத்தப்பனின் மகள் சித்ராதேவி வீரபாண்டியில் சாயப்பட்டறை லேபில் வேலை பார்ப்பவள். கோபத்தில் எதை எதையோ தேடிப் படித்தாள். எகிப்தில் கிடைத்த ஆயிரத்து எழுநூறு வருடத்துச் சுவடிகளில், செம்புக்குப் பொன் நிறம் ஏற்றும் முறையும் கம்பளிக்கு ஊதாச் சாயம் ஏற்றும் முறையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றனவாம். பாத்திரத்துக்கு அனுப்பர்பாளையமும் சாயத்துக்கு வீரபாண்டியும் மாதிரி. கடவுளின் சதையே பொன் என்று அங்கே நம்பினார்களாம். கோயிலில் சிலை செய்யும் இடத்துக்கே பொன் வீடு என்றுதான் பெயராம். ரசவாதம் அந்தக் கோயில் பட்டறைகளில் பிறந்திருக்கலாம், உறுதியில்லை என்கிறார்கள். “பொன் ஊடா?” என்று மட்டும் கேட்டுவிட்டு ஆத்தப்பன் சுத்தியலை எடுத்தார்.

கோயில் கமிட்டி கூடியது. தலைவர் சுப்பண்ணன் யார் மனமும் நோகாத ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். உரசியவர் தப்பாக உரசிவிட்டார், கவசம் பொன்னேதான். பொன் என்று ஆத்தப்பன் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். திருட்டும் இல்லை, திருடனும் இல்லை.

ஐம்பொன் என்றுதானே கேட்டீர்கள் என்பதுபோல ஆத்தப்பன் மகுடேஸ்வரனைப் பார்த்தார். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று திருடன், இல்லையென்றால் பொய்யன். மூன்றாவதாக ஒன்றை அந்தக் கூட்டத்தில் யாரும் வைக்கவில்லை.

கூட வந்திருந்த சித்ராதேவி அப்பாவின் காதருகே குனிந்து, “போட்டுருங்கப்பா. எகிப்துல பூசாரிமாரும் நெறத்தப் பாத்துத்தானுங்க பொன்னுன்னாங்க” என்றாள்.

“அவங்க பொன்னுன்னு நம்புனாங்க கண்ணு. எனக்குச் செம்புன்னு தெரியுமே.”

சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வேறென்ன செய்வார், மகளுக்குத் திருடன் மகள் என்று பேர் வர விடுவாரா? கமிட்டி காப்பி குடித்துக் கலைந்தது.

அதற்குப் பிறகு அவருக்கு வேலை குவிகிறது. போன வாரம் பல்லடம் பக்கத்திலிருந்து கோயில்காரர்கள் சிலர் வந்தார்கள். இது ஐம்பொன், பெரும்பாலும் செம்பு என்று ஆத்தப்பன் விளக்கத் தொடங்கினார். வந்தவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

“அதெல்லாந் தெரியுமுங்க. செம்பு யாரு வேணா தருவாங்க. உங்க கையெழுத்துக்குத்தானுங்க இத்தன தூரம் வந்தோம்.”